வெறுங்காலோடு நடக்கும் ஊரில் ஒரு ஜோடி ஷூ

இரும்புக் காலிப்பர் போட்டிருந்த காலத்தில் நான் ஷூ தேடி எந்தக் கடைக்கும் போனதில்லை. ஷூ அதோடேயே வரும். பழுப்புத் தோலில் தைத்த கனமான பூட்ஸ், அதன் ஹீலுக்குள் குறுக்காக ஓர் இரும்புக் குழாய். காலிப்பரின் இரண்டு கம்பிகளும் கீழே வளைந்து அந்தக் குழாய்க்குள் நுழைந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்கும் அதே பூட்ஸ், கல்யாண வீட்டுக்கும் அதே பூட்ஸ். அது கிழிந்தால் தைத்து வரும்வரை வீட்டோடு கிடக்க வேண்டும்.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. காலின் அச்சை மாவுக்கட்டில் எடுத்து, அதன்மேல் பாலிப்ரொப்பிலீன் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்து, ஓரங்களை அறுத்துத் தேய்த்துக் கொடுக்கிற பிரேஸ். மருத்துவர்கள் ஏ.எஃப்.ஓ. என்பார்கள். எங்கள் வீட்டில் இதற்கும் பெயர் காலிப்பர்தான். கெண்டைக்காலின் பின்புறத்தில் தொடங்கி, குதிகாலைச் சுற்றி, உள்ளங்காலின் அடியில் விரல்வரை ஓடும். எடை மிகக் குறைவு. முக்கியமாக, ஷூ தனி, பிரேஸ் தனி. எந்த ஷூவுக்குள் வேண்டுமானாலும் நுழைக்கலாம் என்றார்கள். அந்த 'எந்த ஷூ' கிடைக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

நான் திருவண்ணாமலைக்காரி. அரசுப் பள்ளியில் ஆசிரியை. கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. நாட்டில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கிய நாள் 2011 ஜனவரி 13 என்று பதிவாகியிருக்கிறது. மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமி. 2014 மார்ச் 27-ல் போலியோ ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்தது. என்னைப் போல் இன்னொரு குழந்தை வராது என்று நினைக்கையில் வருகிற நிம்மதி பெரிது. ஆனால் பிரேஸ் போடுகிறவர்கள் குறைந்துவிடவில்லை. பக்கவாதம் வந்து பாதம் தொங்கிப் போனவர்கள், முதுகுத்தண்டு டிஸ்க் நரம்பை அழுத்தியவர்கள், விபத்தில் முழங்காலருகே நரம்பு அறுந்தவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், தொழுநோயால் நரம்பு பாதித்தவர்கள் என்று எங்கள் ஊரிலேயே பலரைத் தெரியும். அவர்களில் பாதிப்பேர் பிரேஸை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ஏன் போடவில்லை என்று கேட்டால் பிரேஸைக் குறை சொல்ல மாட்டார்கள். "எந்தச் செருப்புலயும் நுழைய மாட்டேங்குது டீச்சர்" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்த நல்ல பாடத்தைக் கொடுத்தவர் வேலூரில் பிரேஸ் செய்கிற ஓர் இளைஞர். புது பிரேஸைப் போட்டுப் பார்க்கப் போயிருந்தேன். அவர் முதலில் கேட்டது, "ஷூ கொண்டு வந்தீங்களாம்மா?" என்றுதான். "பிரேஸ் சரியா இருந்தா அதுக்கேத்த ஷூ வாங்கிக்கிறேன் தம்பி" என்றேன். "ஷூவோட நின்னாத்தாம்மா பிரேஸ் சரியா இல்லையான்னு எனக்கே தெரியும்" என்றார்.

அவர் விளக்கியதை இவ்வளவு வருட நடையில் என் முழங்கால் உறுதி செய்திருக்கிறது. பிரேஸுக்குள் கணுக்கால் அசையாது. அப்படியிருக்க, ஷூவின் ஹீல் உயரம்தான் முழங்காலைத் தீர்மானிக்கிறது. ஹீல் அதிகமாக உயர்ந்தால் கெண்டைக்கால் மொத்தமும் முன்னால் சாயும், முழங்கால் மடங்கப் பார்க்கும். ஹீல் குறைந்தால் முழங்கால் பின்பக்கமாகத் தள்ளப்படும். அதனால் பிரேஸ் செய்கிறவர் ஒரு குறிப்பிட்ட ஹீல் உயரத்தை மனதில் வைத்தே கோணத்தை அமைக்கிறார். அந்த உயரம் எவ்வளவு என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எத்தனை ஜோடி வாங்கினாலும் குதிகால் பக்கத்துக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அதே அளவில் இருக்கட்டும். பார்வைக்குத் தட்டையாகத் தெரிகிற ஷூக்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம் மாறும். ஒரு ஷூவில் நன்றாக நடந்தவர் இன்னொன்றில் தடுமாறுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இன்னொன்றும் அவரிடம் கேட்கலாம். உள்ளங்காலின் அடியில் போகும் தகடு விரல் நுனிவரை போக வேண்டுமா, விரல்களுக்குச் சற்று முன்பே நின்றால் போதுமா? விரல்கள் மடங்கிக்கொள்கிறவர்களுக்கு முழு நீளம் தேவைப்படும். தேவையில்லாதவர்களுக்குக் குறைத்து, ஓரத்தை மெல்லியதாகத் தேய்த்துக் கொடுத்தால் ஷூ கிடைப்பது சுலபமாகிவிடும். நாமாக வீட்டில் அறுக்கக் கூடாது. கேட்டால் அவர்களே செய்து தருவார்கள், நாம்தான் கேட்பதில்லை.

இனி கடை. எங்கள் ஊர்க் கடைகளில் பெண்கள் பகுதியில் எனக்கு எதுவும் கிடையாது. பெண்களுக்கென்று செய்வதெல்லாம் ஒடுக்கம், ஆழமும் குறைவு. நான் நேராகப் பையன்களின் பள்ளி ஷூ இருக்கும் அடுக்குக்குப் போய்விடுவேன். கடைப்பையன், "பையனுக்கு என்ன சைஸ்க்கா?" என்பான். "எனக்குத்தான் தம்பி, அஞ்சாம் நம்பர் எடு" என்பேன். நம் கடைகளில் எழுதியிருப்பது இங்கிலாந்து அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் அந்த அளவுக்குக் கூடாது. பிரேஸ் போட்ட காலுக்குத் தேவைப்படுவதோ அகலமும் ஆழமும். பிரேஸ் தகட்டின் கனம் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இருக்கும், அது காலின் இரண்டு பக்கமும் அடியிலும் வருகிறது. அகலத்துக்காக இரண்டு மூன்று நம்பர் தள்ளி வாங்கினால் முன்னால் வெறும் ஷூ நீண்டு நிற்கும், தூக்க முடியாத பாதத்துக்கு அதுவே தடுக்கும். நீளம் அரை நம்பரோ ஒரு நம்பரோ கூடினால் போதும். மீதியை அகலத்தில் தேடுங்கள். ஒரே நீளத்தில் ஆண்களுக்கும் பையன்களுக்கும் செய்வது அகலமாக இருக்கும். இறக்குமதி பிராண்டுகளில் 2ஈ, 4ஈ என்று போட்டிருந்தால் அவை அகலமானவை. 4ஈ இன்னும் அகலம். விலை கூடுதல், எங்கள் ஊரில் கிடைக்காது, சென்னையிலோ ஆன்லைனிலோதான் வாங்க வேண்டும்.

நம் கால்களே அகலமானவை என்பது இப்போது அளந்து சொல்லப்பட்ட விஷயம். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் தொடங்கி 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. மேல்நாட்டுக் கால்களைவிட இந்தியக் கால்கள் அகலம் என்று தெரியவந்தது. அதை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று புதிய அளவு முறை ஒன்றை முன்மொழிந்திருக்கிறார்கள். அது கடைகளுக்கு வந்து சேர்ந்தால் எல்லோருக்கும் நல்லது, எங்களுக்கு இரண்டு மடங்கு நல்லது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு வேலை செய்துகொள்ளுங்கள். பிரேஸின் அடியைத் தடித்த அட்டைமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, பிரேஸின் பக்கவாட்டு அகலத்தையும் சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் ஷூவைக் கையில் எடுத்ததும் உள்ளே இருக்கும் இன்சோலை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் அந்த ஷூவைத் தொடர்ந்து பார்க்கலாம். ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்சோலை எடுத்தால் கிடைக்கிற சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான் பிரேஸ் உட்காரும். எடுத்தபின் அட்டையை உள்ளே விடுங்கள். மடங்காமல் தட்டையாகப் படுத்தால் கால் போகும். பத்து ஜோடியைப் போட்டுக் கழற்றி வியர்க்காமல் இரண்டு ஜோடிக்கு வந்துவிடலாம். அதன்பிறகுதான் உட்கார்ந்து பிரேஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். மாலையில் போங்கள், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் சரியாக இருப்பது காலையிலும் சரியாக இருக்கும். நீங்கள் தினமும் போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள்.

ஷூவின் வாய் எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது அடுத்தது. கணுக்காலை மடக்க முடியாத கால் மேலிருந்து நேராக இறங்க வேண்டும், சரிந்து நுழையாது. அதனால் லேஸ் துளைகள் விரல்பக்கம்வரை இறங்கி, நாக்கு முழுதாக வெளியே மடங்குகிற ஷூவே ஏற்றது. அப்படியே நுழைத்து மாட்டுகிற கட்ஷூ உதவாது. லேஸ் துளைகள் தொடங்கும் இடத்தில் தையல் இறுக்கமாக இருந்து, மற்றதெல்லாம் சரியாக இருந்தால், தைரியமாக வாங்கலாம். அதைப் பிரித்துத் தர ஆள் இருக்கிறார்.

அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாலையோரம் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் தோல் தொழிலாளி அண்ணன் ஒருவர் இல்லாவிட்டால் எனக்கு எந்த ஷூவும் முழுமையானதில்லை. நாக்குப் பக்கத் தையலை இரண்டு அங்குலம் பிரித்து, பிரித்த இடம் மேலும் கிழியாமல் ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்துத் தருவார். லேஸ் துளைகளுக்குப் பதில் வெல்க்ரோ பட்டை வேண்டுமென்றால் அதையும் செய்வார். என் வலது கால் சற்றே குட்டை. அதை ஈடுகட்ட ஷூவின் அடிப்பாகத்தைக் குறுக்காகப் பிளந்து, நடுவில் ஈ.வி.ஏ. நுரை ஷீட் வைத்து ஒட்டி, பழைய சோலைத் திரும்ப அதன்மேல் பதிப்பார். "உள்ள வச்சா குதிகால் ஷூவை விட்டு மேல ஏறிக்கும் டீச்சர். வெளிய வச்சாத்தான் கால் உள்ள உட்காரும்" என்பது அவர் கணக்கு. பெரிய மருத்துவமனைப் பட்டறையிலும் இதையேதான் சொன்னார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றுவதென்றால் வெளியே ஏற்றுவதே நல்லது. நல்ல தொழிலாளி ஒருவரைப் பிடித்துக்கொண்டால் அவரிடமே போங்கள். உங்கள் காலின் வரலாறு அவர் கைக்குத் தெரிந்துவிடும். பேரம் பேசாதீர்கள்.

வேலூர் பற்றியும் இங்கே சொல்லாமல் நகர முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையம் 1966-ல் தொடங்கப்பட்டது. அதற்குக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். அவரை அந்த வழியில் ஊக்கப்படுத்திய டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் கால்புண் ஏன் ஆறுவதில்லை என்று தேடிப் போனவர், உணர்ச்சியில்லாத பாதத்தின்மேல் விழும் அழுத்தத்தில் அதற்கான காரணத்தைக் கண்டார். உள்ளே மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர், அடியில் உறுதியான சோல் என்ற செருப்பு வகை அவரும் அவரோடு உழைத்தவர்களும் வேலூரிலும் அதன் அருகில் கரிகிரியிலும் செய்த பணியில் வளர்ந்தது. இன்று சர்க்கரை நோயாளிகள் கடைகளில் 'எம்.சி.ஆர் செருப்பு' என்று கேட்டு வாங்குவது அதைத்தான். உலகத்துக்கே காலணி மருத்துவம் கற்றுக்கொடுத்த வட்டாரத்தில் நாம் இருக்கிறோம். ஷூவைப் பற்றி மருத்துவரிடம் பேச யாரும் கூச்சப்பட வேண்டாம்.

பால் பிராண்ட் காட்டிய அந்த அழுத்தம் பிரேஸுக்கும் பொருந்தும். போலியோ உணர்ச்சியை எடுப்பதில்லை, எங்கே உரசினாலும் எனக்கு உடனே வலிக்கும். சர்க்கரை நோயாளிக்கும் தொழுநோய் வந்து குணமானவருக்கும் வலிக்காது, அதனால் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். புது ஷூவை முதல் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் கணுக்கால் எலும்பின் இரண்டு பக்கமும், சுண்டுவிரல் அடியிலும், குதிகாலிலும் பாருங்கள். சிவப்பு அரைமணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் அந்த ஷூவும் பிரேஸும் சேர்ந்து எங்கேயோ நெரிக்கின்றன. பஞ்சு வைத்துச் சமாளிக்காமல் பிரேஸ் செய்தவரிடம் போய்விடுங்கள். வைத்த பஞ்சு அந்த இடத்தை இன்னும் இறுக்கும்.

இரண்டு கால் இரண்டு அளவு என்கிற சிக்கல் எங்களில் பெரும்பாலோருக்கு உண்டு. போலியோக் கால் சிறுத்திருக்கும். எனக்கு அது ஒரு விதத்தில் வசதியாகிவிட்டது: சிறிய கால் பிரேஸோடு சேர்ந்து பெரிய காலின் நீளத்துக்கு வந்துவிடுகிறது. பக்கவாதத்தில் பிரேஸ் போட்டவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஒரு கால் 8, மற்றது 9 அகலம் என்று வந்து நிற்கும். இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு ஷூவை வீணடிக்க எல்லாராலும் முடியாது. பெரிய அளவில் ஒரு ஜோடி வாங்கி, பிரேஸ் பக்கம் இன்சோலை எடுத்துவிட்டு, நல்ல கால் பக்கம் அதே இன்சோலையும் மேலதிகமாக வைத்தால் அந்தப் பக்கம் நிறைந்துவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. எடுத்த இன்சோலைவிடப் பிரேஸ் தகடு கனமாக இருந்தால் அந்தக் கால் கொஞ்சம் உயர்ந்திருக்கும், கூடுதல் இன்சோல் மறுகாலையும் சமமாக்கும். 

சோல் பற்றி ஒரு வார்த்தை. கையில் அழுத்தினால் பஞ்சாக அமுங்குகிற ஓட்ட ஷூக்கள் கடையில் சுகமாக இருக்கும், பிரேஸோடு நடந்தால் முழங்கால் ஆடும். உறுதியான சோல், குதிகாலைப் பிடித்து நிற்கிற பின்சுவர், விரல்பக்கம் லேசாக மேல்நோக்கி வளைந்த முனை என்று பாருங்கள். தரையை அதிகமாகக் கவ்வுகிற சோலும் வேண்டாம், இழுத்து நடக்கிற கால் அதில் மாட்டிக்கொள்ளும்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பக்கவாதத்துக்குப் பின் ஒரு கையால்தான் எல்லாம் செய்கிறார். அவருக்கு லேஸ் கட்ட வழியில்லை. பின்பட்டையும் மூன்று வெல்க்ரோ பட்டைகளும் உள்ள ஃப்ளோட்டர்ஸ் வாங்கிக் கொடுத்தோம். பட்டைகளை நன்றாகப் பிரித்துவிட்டால் பிரேஸ் மேலிருந்து அப்படியே இறங்குகிறது, வெயிலுக்குக் காற்றும் போகிறது. பின்பட்டை இல்லாத செருப்பு மட்டும் கூடவே கூடாது. பிரேஸ் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்துவிடும். லேஸ் ஷூவிலும் எலாஸ்டிக் லேஸ் மாட்டிவிட்டால் ஒருமுறை கட்டினால் போதும். பிடி நீண்ட ஷூ ஹார்ன் ஒன்று வாசலில் தொங்கட்டும்.

இதே லேஸ் சிக்கலோடு இருந்த, மூளை முடக்குவாதம் உள்ள அமெரிக்க மாணவர் மேத்யூ வால்சர் 2012-ல், லேஸ் கட்டிவிட இன்னொருவரை எதிர்பார்க்காமல் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நைக்கி நிறுவனத்துக்கு எழுதினார். அங்கே டோபி ஹாட்ஃபீல்ட் என்ற வடிவமைப்பாளர் அதை எடுத்துக்கொண்டார். 2015-ல் பின்பக்கம் சுற்றி ஜிப் திறக்கிற 'ஃப்ளைஈஸ்' ஷூ வெளிவந்தது. அதே நைக்கிக்கு ஷூ தைத்துத் தருகிற பெரிய ஆலை எங்கள் மாவட்டத்தின் செய்யாறு சிப்காட்டில் இருக்கிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பெண்கள். பக்கத்தில் ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று தோலும் ஷூவுமாக வாழ்கிற ஊர்கள். பின்பக்கம் திறக்கிற, அகலமான, சில நூறு ரூபாயில் வாங்கக்கூடிய ஒரு ஷூவை இந்த வட்டாரத்துக் கைகளால் செய்ய முடியாதா? முடியும். கேட்கிறவர்கள் கூட வேண்டும். ஒரு மாணவரின் கடிதம் அதைத் தொடங்கிவைத்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

புடவைக்கு ஷூவா என்று கேட்கிறவர்கள் இன்னும் உண்டு. உண்டென்றால் உண்டு, விடுங்கள். கவனிக்க வேண்டியது வேறு: வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் புடவை ஓரத்தையும் பாவாடை லேஸையும் பிடித்து இழுக்கும். பட்டுப் புடவை என்றால் நூல் எழும்பிவிடும், படியில் இறங்கும்போது என்றால் ஆளே விழலாம். பட்டையின் நுனி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்காமல் அளவாக வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். புடவையை வழக்கத்தைவிட ஓர் அங்குலம் உயர்த்திக் கட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இதெல்லாம் ஷூ போடுகிற இடங்களுக்கு. எங்கள் ஊரில் பாதி நேரம் ஷூவைக் கழற்ற வேண்டிய இடங்களில்தான் கழிகிறது. வீடு, கல்யாண மண்டபம், ஆசிரமங்கள், அண்ணாமலையார் கோயில். ஷூ இல்லாமல் பிரேஸை மட்டும் போட்டுக்கொண்டு கருங்கல் தரையில் நடப்பது ஆபத்து. பிளாஸ்டிக் தகடு வழவழப்பு, அபிஷேகத் தண்ணீரும் எண்ணெயும் பட்ட கல் அதைவிட வழவழப்பு. ஹீல் உயரமும் போய்விடுவதால் முழங்கால் பின்னால் தள்ளும். பிரேஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இழுத்து நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். விரல் நுனி வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவரும் அவர்களில் உண்டு.

நான் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு இது. பிரேஸின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் கோடுபோட்ட ரப்பர் ஷீட்டைப் பட்டறையிலேயே ஒட்டி வாங்கினேன். இன்சோல் எடுத்த ஷூவுக்குள் அதற்கும் இடமிருக்கிறது. கோயிலுக்கும் வீட்டுக்கும் தடித்த காடாத்துணியில் பிரேஸின் மேலே மாட்டுகிற உறை ஒன்றைத் தையற்காரரிடம் தைத்துக்கொண்டேன். அதன் குதிகால் பகுதிக்குள் ஷூவின் ஹீல் உயரத்துக்கு ஈ.வி.ஏ. ஆப்பு ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறது. மறுகாலுக்கும் ஈடான உயரத்தில் ஒன்று உண்டு. தெருவில் படாத துணி, ஒவ்வொரு முறையும் துவைத்துவிடுவேன். வாசலில் கேட்டவர்களிடம், "செருப்பு இல்லைங்க. என்னால இது இல்லாம நிக்க முடியாது" என்று புடவையைச் சற்றுத் தூக்கிக் காட்டினேன். "போங்கம்மா, பார்த்துப் போங்க" என்றார்கள். ராஜகோபுர வாசலில் உட்கார்ந்து ஷூ கழற்றத் தோதான இடம் கிடைப்பதுதான் சிரமம். அதற்காக மடக்கு முக்காலி ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் தரிசனத்தை முடித்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக் போட்ட கால் தப்பித்துக்கொள்ளும், மற்ற கால் உறைக்குள்ளேயே வெந்துபோகும்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு சுற்ற வேண்டும் என்பது வழக்கம், நானும் அதை மதிக்கிறேன். "மலையைச் சுத்தறப்போ செருப்பு போடக் கூடாதும்மா" என்று வழியில் சொல்கிற பாட்டிமாரிடம் நின்று பதில் சொல்வேன்: "இது இல்லாட்டி என்னால சுத்தவே முடியாது பாட்டி." பெரும்பாலும் அவர்களே கையைப் பிடித்துக்கொண்டு நாலடி கூட வருவார்கள். நிறைமாத கர்ப்பிணியான அரசி நடக்கிற நிதானத்தில் நடக்க வேண்டும் என்று இங்கே பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்த வேகம் பிரேஸ் போட்டவர்களுக்கு மிகவும் பொருந்தும். முழுச் சுற்றும் ஒரே நாளில் முடிய வேண்டுமென்ற கட்டாயம் எனக்கில்லை. இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம், அங்கிருந்து ரமணாசிரமத்தைத் தாண்டி எம லிங்கம் என்று ஒரு நாள். நிருதி, வருண லிங்கங்கள் இன்னொரு நாள். வாயு, குபேர, ஈசான்ய லிங்கங்கள் பிறகு. விட்ட இடத்துக்கு ஆட்டோவில் போய் இறங்கித் தொடர்வேன். பௌர்ணமிக் கூட்டத்தில் போவதில்லை. பின்னால் வருகிறவர் ஷூவின் குதியை மிதித்தால் பிரேஸோடு சேர்ந்து ஆளும் திரும்பிவிடும். சாதாரண நாளின் விடியற்காலை போதும். ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாகப் பையில் இருக்கட்டும். பாதி வழியில் உட்கார்ந்து, வியர்த்த சாக்ஸை மாற்றி, பிரேஸின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டால் கொப்புளம் வராது. சாக்ஸ் பருத்தியில், பிரேஸின் மேல் ஓரத்தைத் தாண்டுகிற உயரத்தில், சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. நனைந்த ஷூ காய இரண்டு நாள் ஆகும். தீபத்துக்கு ஊரே நிறையும் அந்த வாரத்தில் மாற்று ஜோடி கட்டாயம். பிரேஸை மிதமான சோப்பில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைக்காதீர்கள், வடிவம் கெட்டுவிடும்.

எனக்கு இப்போது புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது. போலியோ வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தசைகள் மறுபடி தளர்வது உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஷூவின் எடை எனக்கு இப்போது தெரிகிறது. அதனால் வாங்குமுன் ஒவ்வொரு ஷூவையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படிச் செய்வது நல்லது.

பிரேஸ் போட்ட குழந்தைகளின் அம்மாக்களுக்குக் கடைசியாக ஒன்று. பள்ளி ஷூ வாங்க மே கடைசியில், கடைகளில் எல்லா அளவும் நிறைந்திருக்கும்போது, குழந்தையைப் பிரேஸோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஜூன் நடுவில் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். வெல்க்ரோ வைத்த பையன்கள் ஷூவே பெண் குழந்தைக்கும் வாங்குங்கள். வளர்கிற கால் என்று இரண்டு நம்பர் கூட்டாதீர்கள், விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருந்தால் போதும். பிரேஸ் மாறும்போது ஷூவும் மாறும் என்று செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறத்தில் பொருத்தமானது கிடைக்காவிட்டால் கிடைத்த நிறத்தில் வாங்கி, பள்ளி திறக்கும் முன்பே தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தக் குழந்தைக்குத் தேவையான ஏற்பாட்டைப் பள்ளி செய்துதர வேண்டும் என்கிறது. கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். காலை வழிபாட்டு வரிசையில் வேறு நிற ஷூவைப் பார்த்துக் குழந்தையை யாரும் தனியே நிறுத்தாமல் இருக்க, வகுப்பாசிரியரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.